வேலை போனதை ஊருக்குச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலூரில் நடந்த தனியார் துறை வேலைவாய்ப்பு முகாமைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த செய்தியையும், அதை ஒட்டி, தன்விவரக் குறிப்பைக் கவர்ச்சியாக அமைப்பது எப்படி என்று வழிகாட்டிய கட்டுரையையும் படித்தேன். கட்டுரையாளர் சொல்லியிருப்பவற்றில் தவறு ஏதும் இல்லை. ஆனால் ஆர்டர் குறைந்து, கம்பெனிகள் ஆட்களைக் குறைக்கும் காலத்தில் வேலை தேடுகிறவருக்கு எழுத்துருவும் பக்க வடிவமைப்பும் செய்யும் உதவி மிகச் சிறியது. ராணிப்பேட்டை சிப்காட்டிலும், பிறகு ஆம்பூரில் ஒரு காலணித் தொழிற்சாலையிலுமாகப் பணியாளர் துறையில் இருந்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், அதாவது விண்ணப்பங்களை வாங்கி வைக்கும் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில், நான் கண்டவற்றை எழுதுகிறேன்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். கெட்ட காலத்திலும் வேலைகள் காலியாகிக்கொண்டுதான் இருக்கின்றன. ஆனால் அவை விளம்பரத்துக்கு வருவதற்கு முன்பே நிரம்பிவிடுகின்றன. ஆகவே தனக்கு வேலை இல்லை என்பதையும், தனக்கு என்ன வேலை தெரியும் என்பதையும் கூச்சமில்லாமல் நாலு பேரிடம் சொல்லி வைத்தவருக்கே அந்த இடங்கள் கிடைக்கின்றன. நம் ஊர்ப்பக்கத்தில் பெரும்பாலோர் இதற்கு நேர்மாறாக, வேலை போனதை முதல் இரண்டு மூன்று மாதங்கள் மூடி மறைக்கிறார்கள்.

பழைய வடஆர்க்காடு மாவட்டத்துக்குக் கெட்ட காலம் புதிதல்ல. மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்குக் கூலியாட்களை அனுப்பிய மாவட்டங்களுள் இதுவும் ஒன்று. உலகப் பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை சரிந்தபோது, 1930 முதல் 1932 வரையிலான ஆண்டுகளில் லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் அங்கிருந்து கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். பாலாற்று மாசு தொடர்பாக 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பை அடுத்து, சுத்திகரிப்பு வசதி இல்லாத தோல் பதனிடும் ஷாப்புகளை மூட நேர்ந்தது. 2001 பிப்ரவரி 28 அன்று கோலார் தங்கவயல் சுரங்கம் மூடப்பட்டபோது, அங்கே தலைமுறை தலைமுறையாக வேலை செய்தவர்களில் பலர் நம் மாவட்டத்திலிருந்து போய்க் குடியேறிய குடும்பங்களைச் சேர்ந்தவர்களே. 2008-இல் அமெரிக்காவின் லேமன் பிரதர்ஸ் வங்கி திவாலானதன் அதிர்ச்சி ஆம்பூர், வாணியம்பாடி ஷூ கம்பெனிகளின் ஆர்டர் புத்தகம் வரைக்கும் வந்து சேர்ந்தது. 2020-இன் பொதுமுடக்கத்தை யாரும் மறந்திருக்க முடியாது. 2025 ஆகஸ்ட் மாதம் இந்தியப் பொருட்கள்மீதான அமெரிக்காவின் வரி 50 சதவீதமாக உயர்ந்தபோது, ஏற்றுமதியை நம்பிய நம் பகுதிக் கம்பெனிகளில் மறுபடியும் அதே கவலை. வெவ்வேறு காரணங்களால் வந்த இந்தச் சரிவுகளில், மீண்டு எழுந்தவர்கள் செய்த காரியங்கள் மட்டும் பெரும்பாலும் ஒரே மாதிரியாகவே இருந்தன.

தங்கவயலையே எடுத்துக்கொள்வோம். சுரங்கம் மூடிய பிறகு அந்த ஊர் ரயிலில் ஏறிப் பெங்களூருக்குப் போக ஆரம்பித்தது. ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தூரம். விடியுமுன் கிளம்பி இரவு திரும்ப வேண்டும். இன்றும் ஆயிரக்கணக்கானவர்கள் அப்படிப் போய்வருகிறார்கள். அந்த ரயில் பெட்டிதான் அவர்களுடைய வேலைவாய்ப்பு அலுவலகம். எந்தக் கம்பெனியில் செக்யூரிட்டிக்கு ஆள் வேண்டும், எந்தக் கட்டடத்தில் எலெக்ட்ரீஷியன் நின்றுவிட்டார், எந்த ஆஸ்பத்திரியில் வார்டு வேலைக்கு எடுக்கிறார்கள் என்ற தகவலெல்லாம் எதிர் இருக்கையில் உட்கார்ந்து வருபவரின் வாயிலிருந்து கிடைத்தது. வேலை போனதைச் சொல்ல அங்கே யாரும் வெட்கப்படவில்லை, ஊருக்கே போய்விட்டதால். தனியொருவருக்கு வேலை போகும்போதுதான் வெட்கம் வந்து வாயை அடைக்கிறது.

ஒரு தொழிற்சாலையில் ஆள் எடுப்பது உண்மையில் எப்படி நடக்கிறது என்பது வெளியில் இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன். ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங் லைனில் ஒரு பெண் திருமணமாகிப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல காலமாக இருந்தால் சூப்பர்வைசர் பணியாளர் துறைக்கு எழுதுவார், நாங்கள் கேட்டில் அறிவிப்பு ஒட்டுவோம், முகாமில் மேசை போடுவோம். ஆர்டர் குறைந்த காலத்தில் மேலாளர் முதலில், அந்த இடத்தை நிரப்பவே வேண்டாம் என்பார். இரண்டு வாரம் கழித்து, ஏற்றுமதிக்குச் சரக்கு அனுப்ப வேண்டிய தேதி நெருங்கும்போது, லைனில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தேங்கி நிற்கும். உடனே ஓர் ஆள் வேண்டும் என்று சூப்பர்வைசர் வந்து நிற்பார். அந்த நேரத்தில் விளம்பரம் கொடுத்து, விண்ணப்பம் வாங்கி, தேர்வு வைக்க யாருக்கும் அவகாசம் இராது. லைனில் இருப்பவர்களிடம்தான் கேட்போம்: ‘போஸ்ட் பெட் மெஷின் ஓட்டத் தெரிந்தவர் யாராவது சும்மா இருக்கிறார்களா?’ யாரோ ஒருவர், ‘எங்கள் தெருவில் ஒரு அக்கா இருக்கிறார், பேரணாம்பட்டு கம்பெனியிலிருந்து நின்றுவிட்டார்’ என்பார். மறுநாள் காலை அந்தப் பெண் வந்து ஒரு ஜோடியைத் தைத்துக் காட்டுவார். அன்றே வேலை. இந்த நடவடிக்கை முழுவதும் ஒருநாள் பொழுதில் முடிந்துவிடுகிறது. எங்கள் அலமாரியில் அடுக்கி வைத்திருந்த விண்ணப்பங்களை அப்போது யாரும் தொடுவதே இல்லை.

இது நியாயமா என்று கேட்பவர்கள் உண்டு. முழு நியாயம் என்று நானும் சொல்ல மாட்டேன். தெரிந்தவர் மூலம் ஆள் எடுப்பதில் சாதியும் உறவும் தெருவும் புகுந்துகொள்ளும் ஆபத்து இருக்கிறது. புகுந்துகொண்டதைப் பார்த்தும் இருக்கிறேன். ஆனால் நடைமுறை இதுதான் என்று தெரிந்துகொள்ளாமல், அனுப்பிய விண்ணப்பத்துக்குப் பதில் வரும் என்று வீட்டில் காத்திருப்பவர்தான் அதிகம் இழக்கிறார்.

வேலை வாங்கித் தருகிற ‘தெரிந்தவர்’ யார் என்பதிலும் நமக்கு ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. தாய்மாமன், சித்தப்பா, சம்பந்தி, செல்வாக்குள்ள கட்சிக்காரர் என்றுதான் நம் மனம் போகிறது. பாஸ்டன் நகரை ஒட்டிய நியூட்டன் என்ற ஊரில், தெரிந்தவர்கள் மூலம் வேலை பெற்றவர்களை அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் விசாரித்து 1973-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்குத்தான் அடிக்கடி சந்திக்கும் நெருக்கமானவர் மூலம் தகவல் கிடைத்திருந்தது. மற்றவர்களுக்கெல்லாம் எப்போதாவது அல்லது அரிதாகப் பார்க்கிறவர்கள் மூலமே கிடைத்திருந்தது. காரணம் எளியது. நம் வீட்டாருக்கும் நெருங்கிய நண்பர்களுக்கும் தெரிந்த செய்தி பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததாகவே இருக்கும். பழைய கம்பெனியில் வேறு ஷிஃப்டில் இருந்தவர், ஐடிஐயில் உடன் படித்துவிட்டு ஓசூருக்குப் போனவர், நூல், பசை, சோல் சப்ளை செய்ய வந்துகொண்டிருந்த விற்பனையாளர், லாரி ஓட்டுநர், மெஷின் மெக்கானிக் ஆகியோர் நாம் போகாத இடங்களுக்குப் போகிறவர்கள். குறிப்பாக மெஷின் மெக்கானிக்கை நான் அழுத்திச் சொல்வேன். ஆம்பூரிலிருந்து ராணிப்பேட்டை வரை எந்தக் கம்பெனியில் எத்தனை மெஷின் ஓடுகிறது, எத்தனை மெஷின் துணி மூடிக் கிடக்கிறது என்பது முதலாளிகள் சங்கத்துக்குத் தெரிவதற்கு முன் அவருக்குத் தெரியும்.

அவர்களிடம் போய் எப்படிக் கேட்பது? ‘ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்கள்’ என்று கேட்பது வீண். ‘ஏதாவது’ என்ற சொல்லை ஒருவர் மனத்தில் வைத்துக்கொள்ள முடியாது. கேட்பவருக்கு ‘பார்க்கலாம்’ என்று சொல்லி அனுப்பத்தான் தோன்றும். ராணிப்பேட்டையில் பாரத மிகுமின் நிறுவனத்துக்குப் பாகங்கள் செய்துகொடுக்கும் ஃபேப்ரிகேஷன் பட்டறைகளில் வெல்டர் என்று சொல்லிக்கொண்டு வருபவர் ஏராளம். ‘பைப்பில் 6ஜி நிலையில் டிக் வெல்டிங் செய்வேன், எக்ஸ்-ரேவில் தேறிய ஜாயின்ட், தேர்வுச் சான்று கையில் இருக்கிறது’ என்று ஒருவர் சொன்னால், கேட்டவர் அதை மறக்க மாட்டார். அப்படிப்பட்ட ஆள் வேண்டும் என்று எங்கேனும் காதில் விழும்போது இவர் முகம்தான் நினைவுக்கு வரும். ஷூ கம்பெனியில் ‘பத்து வருஷ அனுபவம்’ என்பதைவிட, ‘கிளிக்கிங் பிரஸ்ஸில் இருந்தேன், தோலில் தழும்பு, நரம்பு பார்த்து வேஸ்ட் குறைவாக வெட்டுவேன்’ என்பது எடை கூடிய பேச்சு. கணக்குப் படித்த பட்டதாரி, ‘பி.காம்., டேலி தெரியும்’ என்பதோடு நிறுத்தாமல், ஒரு கடையின் மாதாந்தர ஜிஎஸ்டி கணக்கைத் தனியாகத் தாக்கல் செய்திருக்கிறேன் என்று சொல்லக்கூடியவராக இருக்க வேண்டும். அதைச் செய்திராதவர், தெரிந்த ஆடிட்டர் அலுவலகத்திலோ மளிகை மொத்தக் கடையிலோ ஒரு மாதம் சம்பளத்தைப் பெரிதாகப் பாராமல் உட்கார்ந்து செய்துவிட்டு வரலாம். தன்விவரக் குறிப்பு என்பது இந்த இரண்டு மூன்று வாக்கியங்களைத் தாளில் எழுதி, அழைத்தால் எடுக்கிற கைபேசி எண்ணை அதன்கீழ் போடுவதுதான். எண் மாறியிருந்ததாலோ, ‘இந்த எண் தற்போது உபயோகத்தில் இல்லை’ என்று வந்ததாலோ நாங்கள் கைவிட்ட நல்ல ஆட்கள் பலர்.

வேலை கேட்பதைவிடத் தகவல் கேட்பது எளிது. கேட்கப்படுபவருக்கும் சங்கடம் இல்லை. ‘உங்கள் கம்பெனியில் எனக்கு வேலை போட்டுத் தருவீர்களா’ என்றால் அவர் மறுக்க வேண்டியிருக்கும். ‘உங்கள் பக்கத்தில் யாருக்கு ஆர்டர் ஓடுகிறது, அங்கே யாரைப் போய்ப் பார்க்கலாம்’ என்றால் எவரும் வாய் திறப்பார்கள். ஒருவர் சொன்ன பெயரோடு அடுத்தவரிடம் போகலாம். போய்ப் பார்த்துவிட்டு வந்தபின், என்ன ஆயிற்று என்பதை முதலில் சொன்னவருக்குத் தெரிவிப்பது மரியாதை மட்டுமல்ல, அவருடைய நினைவில் நம்மை இன்னும் ஒருமுறை பதிய வைப்பதும் ஆகும். கேட்டில் நிற்கும் வாட்ச்மேனை அலட்சியமாகப் பேசாதீர்கள் என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உள்ளே யாரைப் பார்க்கலாம், எந்தக் கிழமை காலையில் போனால் ஆளைப் பிடிக்கலாம் என்பதை அவர்தான் சொல்லப் போகிறார். வந்தவர் எப்படிப் பேசினார் என்பதை உள்ளே சொல்பவரும் அவரேதான்.

வேலையில்லாத நாட்களைப் பற்றி ஓர் அயல்நாட்டு ஆய்வு எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். ஆஸ்திரியாவில் வியன்னாவுக்கு அருகில் மரியந்தால் என்றொரு சிற்றூர். ஊரையே வாழவைத்த பஞ்சாலை உலக மந்தத்தில் மூடப்பட்டது. மரீ யஹோதா, பால் லாசர்ஸ்ஃபெல்ட் முதலிய ஆய்வாளர்கள் 1930-களின் தொடக்கத்தில் அங்கே போய்ப் பார்த்தார்கள். நேரம் நிறைய இருந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது. ஆண்கள் தெருவில் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். ஒருநாளை எப்படிக் கழித்தோம் என்று அவர்களால் சொல்லவே முடியவில்லை. வீட்டுவேலை ஓயாததால் பெண்களுக்கு மட்டும் நாள் நாளாகவே இருந்தது. நம் ஊர் டீக்கடைப் பெஞ்சுகளில் பார்ப்பதும் இதையேதான். சம்பளம் நிற்பதோடு, காலை ஏழரைக்கு வரும் கம்பெனி பஸ்ஸும் நின்றுவிடுகிறது. அந்த பஸ்தான் அதுவரை நாளுக்கு முதுகெலும்பாக இருந்தது என்பது அப்போதுதான் தெரிகிறது. எனவே பழைய ஷிஃப்ட் நேரத்திலேயே எழுந்து குளித்து, முற்பகலில் ஆட்களைப் பார்ப்பது, பிற்பகலில் எழுதுவது அல்லது கற்பது என்று வைத்துக்கொள்வது நல்லது. சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு, வேலைக்குப் போவதுபோல் வீட்டைவிட்டுக் கிளம்பி, வேலூர்க் கோட்டை மைதானத்தில் பொழுதைக் கழித்துவிட்டு மாலையில் திரும்பியவர்கள் உண்டு. மனைவிக்குத் தெரியாமல் இருக்கும்வரை, மனைவியின் அண்ணனுக்கும், மனைவியோடு சுயஉதவிக் குழுவில் இருக்கும் பெண்களின் கணவர்களுக்கும் தெரியாது. அதாவது உதவக்கூடிய பாதிப் பேருக்குத் தெரியாது.

வேலைவிட்டு நிற்கும்போது கையோடு வாங்க வேண்டியவற்றை வாங்கிவிட வேண்டும். பணிச்சான்று, விடுவிப்புக் கடிதம், வருங்கால வைப்பு நிதியின் யூஏஎன் எண், இஎஸ்ஐ எண் ஆகியவற்றில் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு பொருந்துகின்றனவா என்று கம்பெனி திறந்திருக்கும்போதே பார்த்துவிட வேண்டும். மூடிய கம்பெனியிடம் திருத்தம் வாங்குவது பெரும்பாடு. ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து வேலை செய்தவருக்கு, ஓர் ஆண்டுக்கு 15 நாள் ஊதியம் என்ற கணக்கில் பணிக்கொடை உண்டு என்பது பலருக்கு இன்னமும் தெரியாது. பிஎஃப் பணத்தை அவசரத்துக்கு எடுப்பவர்கள் ஓய்வூதியப் பகுதியையும் சேர்த்து எடுத்துவிடுகிறார்கள். மொத்தப் பணிக்காலம் 10 ஆண்டுகள் ஆனால்தான் மாத ஓய்வூதியம். இங்கே நான்கு ஆண்டு, அங்கே ஆறு ஆண்டு என்று சேர்த்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. இடையில் அந்தப் பணத்தை எடுத்துவிட்டால் கணக்கு மறுபடி முதலிலிருந்து ஆரம்பமாகும். எடுக்காமல் திட்டச் சான்றிதழாக வாங்கி வைத்துக்கொள்ளலாம். இஎஸ்ஐயில் வேலையிழந்த காப்பீட்டாளருக்கு, தகுதி இருந்தால், சராசரி நாள் ஊதியத்தில் ஒரு பகுதியை அதிகபட்சம் 90 நாட்களுக்கு வழங்கும் திட்டம் ஒன்று 2018-இல் கொண்டுவரப்பட்டது; முதலில் கால் பங்காக இருந்த அது 2020-இல் பாதியாக உயர்ந்தது. குறிப்பிட்ட காலத்துக்கென அறிவித்து நீட்டிக்கப்பட்டு வந்த திட்டம் என்பதால், கிளை அலுவலகத்தில் நடப்பு நிலையைக் கேட்டுவிட்டு விண்ணப்பிக்க வேண்டும். தமிழக அரசின் வேலையற்றோர் உதவித்தொகை, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து ஆண்டுகள் காத்திருந்த பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய். காட்பாடியிலிருந்து சென்னைக்கு நேர்முகத் தேர்வுக்குச் சில முறை போய்வர அது உதவும். அதற்குமேல் அதை நம்ப முடியாது. ஆனாலும் பதிவை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே வருவது நல்லது. அந்த அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் போட்டித் தேர்வுகளுக்கு இலவசப் பயிற்சியும் உண்டு.

அரசுத் தேர்வு எழுதுபவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. படியுங்கள், எழுதுங்கள், ஆனால் வேலை பார்த்துக்கொண்டே எழுதுங்கள். இருபத்திரண்டு வயதிலிருந்து முப்பது வரை தேர்வு மட்டுமே எழுதிய ஒருவர் எங்களிடம் வரும்போது, அவர் அறிவாளிதான் என்று தெரிந்தாலும், எந்த இருக்கையில் உட்கார வைப்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

பெண்களின் வேலையிழப்பு கணக்கிலேயே வருவதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கத்துக் காலணித் தொழிற்சாலைகளில் லைனில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கம்பெனி அவர்களை நிறுத்தினால், ‘வீட்டில்தானே இருக்கிறாள்’ என்று குடும்பமே அதை ஓய்வாக எடுத்துக்கொள்கிறது. சிலர், குடியாத்தம் பக்கத்தில் செய்வதுபோல், பீடி சுற்றப் போகிறார்கள். சிலர் நூறுநாள் வேலைக்குப் போகிறார்கள். பத்து ஆண்டு கற்ற கைத்தொழில் அதோடு துருப்பிடித்துப்போகிறது. நான் அவர்களுக்குச் சொல்வது இது: உங்களை நிறுத்திய சூப்பர்வைசரின் எண்ணை அழித்துவிடாதீர்கள், ஆர்டர் திரும்பும்போது முதலில் கூப்பிடப் போகிறவர் அவரே, அல்லது அவர் மாறிப்போன அடுத்த கம்பெனி. ஒரே லைனில் இருந்து நின்ற நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு கம்பெனிக்குப் போய், ‘நாங்கள் ஐந்து பேரும் சேர்ந்து வேலை செய்து பழகியவர்கள்’ என்று சொன்னால், பயிற்சிச் செலவு மிச்சம் என்று எந்த மேலாளரும் யோசிப்பார். தனியாகக் கேட்டபோது மறுக்கப்பட்ட பெண்கள், கூட்டாகப் போய் வேலை வாங்கியதை நான் பார்த்திருக்கிறேன். பஸ் எந்த இடம்வரை வரும், இரவு எட்டு மணிக்குமேலும் வேலையில் இருக்கச் சொல்வார்களா, குழந்தைக் காப்பகம் இருக்கிறதா என்பவற்றை முதல்நாளே கேட்பது தவறல்ல. பிறகு பத்தாம் நாள் நின்றுபோவதைவிட எங்களுக்கும் அதுவே நல்லது.

தோலில் வேலை குறைந்தால் தோல் அல்லாத காலணிக்கு மாறலாம். துணியும் செயற்கைப் பொருளும் தைக்க வேறு ஊசி, வேறு நூல், சற்று வேறு பழக்கம். ஆனால் கையும் கண்ணும் அதேதான். ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் டாட்டா நிறுவனத்தின் 9,000 கோடி ரூபாய் கார் தொழிற்சாலைக்கு 2024 செப்டம்பர் 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. இத்தகைய பெரிய ஆலைகளில் நேரடி வேலை கிடைக்காதவர்களுக்கு, அவற்றைச் சுற்றி வரும் சிறு பட்டறை, கேன்டீன், போக்குவரத்து, பராமரிப்பு ஒப்பந்தங்களில் இடம் இருக்கும். ஒப்பந்த வேலை தாழ்வு என்று மறுப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பிஎஃப்பும் இஎஸ்ஐயும் பிடிக்கிறார்களா என்று மட்டும் கேட்டுவிட்டுச் சேருங்கள். சும்மா இருப்பவரைவிட வேலையில் இருப்பவரின் காதில்தான் அடுத்த வேலையின் செய்தி முதலில் விழுகிறது. சம்பளம் முந்தைய இடத்தைவிடக் குறைவாக இருப்பது ஒரு நல்ல ஆளுக்கு நீண்ட நாள் நீடிப்பதில்லை; ஆர்டர் வந்ததும் சரியாகிவிடும், அல்லது அவரே வேறிடம் போய்விடுவார்.

நாற்பத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்குத் தேடல் கடினம் என்பதை மறைக்கப் போவதில்லை. லைன் வேலைக்கு இருபத்தைந்து வயதுக்காரரோடு வேகத்தில் போட்டியிட முடியாது. சாம்பிள் அறை, தரப் பரிசோதனை, புதியவர்களுக்குப் பயிற்சி, ஸ்டோர்ஸ் என்று அனுபவத்துக்கு மதிப்புள்ள இடங்களைக் குறிவைத்து, பெரிய கம்பெனியைவிட முதலாளியே நேரில் நின்று நடத்தும் சிறு கம்பெனிகளில் கேட்பது பலன் தருகிறது.

நேர்முகத்தில் ‘ஏன் நின்றீர்கள்’ என்ற கேள்வி கட்டாயம் வரும். ‘ஆர்டர் இல்லை, எங்கள் லைனையே எடுத்துவிட்டார்கள்’ என்ற ஒரே வாக்கியம் போதும். பழைய முதலாளியின் குறைகளை அடுக்கத் தொடங்கினால், நாளை நம்மைப் பற்றியும் இப்படித்தான் பேசுவார் என்று கேட்பவர் நினைப்பார். மேலும், வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று 2019-இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தாலும் பணியாளர் துறைக்காரர்கள் பிரியவில்லை. ஒருவரை எடுக்குமுன் பழைய கம்பெனிக்கு ஒரு போன் போட்டுவிடுவோம்.

ஏமாற்றுக்காரர்களுக்கும் கெட்ட காலம்தான் அறுவடைக் காலம். வேலைக்காக முன்பணம், யூனிஃபார்ம் பணம், ‘லேப்டாப் டெபாசிட்’ என்று கேட்கும் எந்த இடமும் வேலை தரும் இடம் அல்ல. வளைகுடாவுக்கு ஆள் அனுப்பும் முகவர் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பார்க்க வேண்டும். பதிவு பெற்றவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் மட்டுமே வாங்கலாம். சுற்றுலா விசாவில் தாய்லாந்து போய் அங்கிருந்து ‘டேட்டா என்ட்ரி’ வேலை என்றால் போகவே கூடாது. அப்படிப் போன தமிழ் இளைஞர்கள் மியான்மரிலும் கம்போடியாவிலும் இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்கிய கதையைத் தங்கள் நாளிதழே எழுதியிருக்கிறது. இணையவழியில் பணம் இழந்தவர் உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்ய வேண்டும்.

தொழில் நடத்துகிறவர்களிடமும் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. ஆட்களைக் குறைப்பது தவிர்க்க முடியாததாக இருக்கலாம்; பணிச்சான்றைத் தாமதிப்பதற்கு எந்தக் காரணமும் இல்லை. அன்றே கொடுத்தால் அவர் மறுநாளே அடுத்த கேட்டில் நிற்க முடியும். தெரிந்தவர் மூலம் ஆள் எடுப்பதைத் தவிர்க்க முடியாவிட்டாலும், காலியிடத்தை கேட் பலகையில் ஒருநாளாவது எழுதிப் போட்டால், எவருடைய தெருவிலும் இல்லாத ஒருவருக்கும் அது எட்டும்.

தங்களிடம் கேட்பதும் இதைப் போன்றதே. தங்கள் நாளிதழின் வேலூர் பதிப்பில் வாரம் ஒருநாள், அரைப்பக்கம் போதும், கட்டணமின்றி இரண்டிரண்டு வரி அறிவிப்புகளுக்கு இடம் ஒதுக்க முடியுமா? ஒரு பக்கம் சிறு பட்டறைகளும் கடைகளும் தங்களுக்கு வேண்டிய ஆளைச் சொல்லட்டும். மறுபக்கம் வேலை தேடுகிறவர் ‘லாஸ்டிங் மெஷின், எட்டு ஆண்டு, ஆம்பூர்’ என்பதுபோலத் தன் வேலையைச் சொல்லட்டும். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் முகாம் தேதிகளையும் அதிலேயே போடலாம். பெயரும் எண்ணும் அச்சேறுவதை விரும்பாதவர்களுக்கு, தங்கள் வேலூர் அலுவலகமே ஒரு குறியீட்டு எண் கொடுத்து, வரும் கடிதங்களை வாங்கி வைத்து ஒப்படைக்கலாம். முன்பணம் கேட்கும் விளம்பரங்களை வடிகட்டும் வேலைக்கு ஆள் தேவைப்பட்டால், என்னைப் போல் பணியாளர் துறையிலிருந்து ஓய்வுபெற்றுச் சும்மா இருப்பவர்கள் இந்த மூன்று மாவட்டங்களிலும் இருக்கிறோம். ஊதியமின்றி வந்து பார்த்துத் தருகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற பணியாளர் துறை அலுவலர்,
சத்துவாச்சாரி, வேலூர்.